மூன்றாவது மாத்திரை

திருச்சியில் சித்திரை மாதத்தில் குளிர்கிறது என்று சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஊரே மின்விசிறி போதாமல் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, நான் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு, விசிறியை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மாமியார் எழுந்து போய் நிறுத்துவார். வியர்த்து வழிய ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் போடுவார். நான் தூங்கியிருக்க மாட்டேன். இன்னொரு முறை நிறுத்தச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கும்.

அந்த வீட்டில் அப்போது நாங்கள் இரண்டு பேர்தான். ஸ்ரீரங்கத்தில் மேலூர் சாலைப் பக்கம், இரண்டாவது மாடி. மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். கணவருக்கு மஸ்கட்டில் ஒரு கட்டடக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவார். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து அப்படி ஒரு லீவில்தான் உண்டானேன். அவர் விமானம் ஏறிப் போன பிறகுதான் நாள் தள்ளியிருப்பதே எனக்குத் தெரிந்தது. அதுவரை ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நாள் கழித்துத் தங்கியிருக்கிறது, தினமும் பஸ்ஸில் குலுங்கக் கூடாது, வேலையை விட்டுவிடு என்று மாமியாரும் என் அம்மாவும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போன விஷயம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

தில்லைநகரில் டாக்டரம்மாவிடம் முதல் தடவை போனபோது அம்மாதான் கூட வந்தாள். அம்மா வீடு உறையூரில், ஆற்றுக்குத் தில்லைநகர்ப் பக்கம். வழக்கமான ரத்தப் பரிசோதனைகளோடு தைராய்டும் பார்த்தார்கள். இரண்டரைக்குள் இருக்க வேண்டிய எண் எனக்கு எட்டைத் தாண்டியிருந்தது. அந்த எண் ஏறினால் உடம்பில் தைராய்டு சுரப்பது குறைவு என்று அர்த்தமாம். கணக்கு டீச்சரான எனக்கே இந்தத் தலைகீழ்க் கணக்கு பிடிபட ஒரு நிமிடம் ஆனது. அம்மாவுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. எனக்குத் தைராய்டு ஜாஸ்தி என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

டாக்டர் அன்று சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "முதல் மூணு மாசம் குழந்தைக்குன்னு தனியா தைராய்டு வேலை செய்யாது. உங்ககிட்ட இருந்துதான் வாங்கிக்கும். அப்புறமும் ரொம்ப நாளைக்கு உங்களது வேணும். மூளை வளர்றதுக்கு அது முக்கியம். அதனால மாத்திரையைத் தவற விடாதீங்க. காலையில எழுந்ததும் வெறும் வயித்துல, தண்ணியில மட்டும். அரை மணி நேரம், முடிஞ்சா ஒரு மணி நேரம், வேற எதுவும் கூடாது." அவ்வளவுதான். ஒரு பச்சைப்பிள்ளைகூடச் செய்துவிடும் காரியம்.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அங்க மூச்சு விடாத. கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்திருக்கு, மறைச்சுக் கட்டி வச்சுட்டாங்கன்னுதான் சொல்லுவாங்க. மூணு வருஷமா உண்டாகாததுக்கும் இதுதான் காரணம்னு ஆயிடும்."

கேட்டபோதே அது முட்டாள்தனமாகத்தான் பட்டது. ஆனால் எனக்கு அப்போது யாரோடும் வாதாடத் தெம்பில்லை. நாலு படி ஏறினால் நெஞ்சு அடைத்தது, சீப்பை எடுத்தால் கொத்துக் கொத்தாக முடி வந்தது, யாராவது கேள்வி கேட்டால் பதில் எங்கோ உள்ளறையிலிருந்து நடந்து வர வேண்டியிருந்தது. ஒருநாள் ஏழெட்டு எவ்வளவு என்று யோசித்துப் பார்த்து, வராமல், விரல் விட்டு எண்ணினேன். அப்படிப்பட்டவள் அம்மாவிடம் தலையாட்டினேன். தலையாட்டியது என் தப்பு. அம்மா மேல் பழி போட மாட்டேன்; கொஞ்சம்தான் போடுவேன். அன்றிரவே கணவரிடம் போனில் சொன்னேன். மாத்திரை போட்டால் சரியாகிவிடும்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் தன் அம்மாவிடம் சொல்லி எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்றார். இப்படியாக மூன்று பேர் சேர்ந்து ஒரு நல்ல மனுஷியை ஏமாற்றத் தீர்மானித்தோம்.

நல்ல மனுஷி என்று சும்மா சொல்லவில்லை. நான் உண்டானது தெரிந்த நாளிலிருந்து மாமியார் காலையில் எனக்குக் குங்குமப்பூ போட்ட பால் கொடுக்க ஆரம்பித்தார். அவர் உண்டாகியிருந்தபோது அவருடைய மாமியார் ஒரு சொட்டுப் பால் கண்ணில் காட்டியதில்லையாம். காப்பியைக்கூட எண்ணி எண்ணித்தான் கொடுப்பாராம். தனக்கு ஒரு மருமகள் வந்தால் அப்படி நடத்தக் கூடாது என்று அப்போதே நினைத்துக்கொண்டாராம். அந்த டம்ளரில் முப்பத்தைந்து வருட வைராக்கியம் கலந்திருந்தது. நான் குளியலறையில் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டதுமே அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். வெளியே வந்தால் டம்ளரோடு நிற்பார். குடித்து முடிக்கும் வரை நகர மாட்டார்.

முதல் சில வாரம் மாத்திரையைக் குளியலறைக்குள் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரில் விழுங்கினேன். மாத்திரைகள் ஒரு சின்னப் புட்டியில் வரும். ஆட்டினால் கலகலவென்று சத்தம் போடும். அதற்காக உள்ளே பஞ்சு அடைத்துத் துணி அலமாரியில் புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். விழுங்கிவிட்டு வெளியே வந்தால் மூன்றாவது நிமிடம் பால். அரை மணி நேரம் கழித்துக் குடிக்கிறேன் அத்தை என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பார். கேட்டால் என்ன சொல்வது? இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்கள், நான் ஒரு டம்ளர் பாலுக்கு முன்னால் அப்படி நின்றேன். பேசாமல் வாங்கிக் குடித்தேன். பாதி நாள் மாத்திரையும் பாலும் சேர்ந்து வாந்தியாக வெளியே வந்தன.

நாலாம் மாதம் டாக்டர் சத்து மாத்திரைகள் எழுதிக்கொடுத்தார். சிவப்பாக இரும்புச்சத்து ஒன்று, வெள்ளையில் பெரிதாகக் கால்சியம் ஒன்று. இவை ரகசியம் இல்லை. மாமியாருக்கே இவற்றின் மேல் பெரிய மதிப்பு. கல்யாணச் சீரில் வந்த சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்றில் போட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டார். மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் தண்ணீரும் டப்பாவும் கைக்கு வந்துவிடும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். தைராய்டு மாத்திரைகளைப் புட்டியிலிருந்து கொட்டி அந்த டப்பாவிலேயே போட்டுவிட்டேன். ஒளிக்கிறவன்தானே மாட்டுவான்? நடு மேஜையில் வைத்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? குளியலறைத் திருட்டுத்தனமும் மிச்சம். எந்த நேரத்தில் போட்டால் என்ன, எல்லாம் ஒரே வயிற்றுக்குத்தானே போகிறது. மாமியார் ஒரே ஒருமுறை, இது என்ன குட்டியாக மூன்றாவதாக ஒன்று என்று கேட்டார். அதுவும் சத்துக்குத்தான் அத்தை என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கடுகு போன்ற மாத்திரையை மறைக்க முடிந்தது.

அன்றிலிருந்து தினமும் மதியம் மூன்று மாத்திரைகளையும் ஒன்றாக ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கினேன். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு மாமியார் திருப்தியோடு சாப்பிட உட்காருவார். அதே நேரத்துக்குக் கணவர் போன் செய்வார். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பார். போட்டேன் என்பேன். அதில் பொய் ஏதும் இல்லை.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். எண் இறங்குவதற்குப் பதில் பதினொன்றுக்கு ஏறியிருந்தது. டாக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஒழுங்காப் போடறீங்களா? வெறும் வயித்துலதானே?"

"ஆமா டாக்டர்" என்றேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கும் தெரியாது. காலையில் போடுவதாகத்தான் அவளிடமும் சொல்லியிருந்தேன். முதலில் மாமியாரிடம் மட்டும் இருந்த பொய் அம்மாவுக்கும் டாக்டருக்கும் பரவியது எப்போது என்று யோசித்தால் தெளிவாக இல்லை. பேப்பர் திருத்தும்போது மாணவர்கள் முதல் வரியில் கூட்டலைத் தப்பாகப் போட்டுவிட்டுக் கடைசி வரை அதையே சரியாகச் செய்துகொண்டு போவார்கள். அப்படித்தான் நானும் போய்க்கொண்டிருந்தேன். டாக்டர் அளவைக் கூட்டினார். அடுத்த முறையும் கூட்டினார். என் உடம்பு ஏன் மருந்துக்கு மசியவில்லை என்று அவருக்குப் புரியவில்லை.

எனக்கு முகம் வீங்கிவிட்டது. குரல் கட்டையாகிவிட்டது. போனில் யாரோ ஆண் பேசுகிறார் என்று பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தி நினைத்துக்கொண்டாள். அதன் பிறகு அவளும் கூப்பிடுவது குறைந்தது, நானும் கூப்பிடவில்லை. பகலெல்லாம் படுத்திருந்தேன். வயிற்றுப்பிள்ளைக்காரி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். கைகால் அசத்துகிறதா, அப்படித்தான். அழுகை வருகிறதா, அப்படித்தான். தனியாக இருந்தேன் என்று சொன்னால் மாமியார் கோபித்துக்கொள்வார். அவர் என்னைத் தனியாக விட்டதே அபூர்வம். ஆனாலும் அந்த ஆறு மாதம் போல நான் ஒருநாளும் தனியாக இருந்ததில்லை. வாயைத் திறந்து உண்மையாக ஒரு வாக்கியம் பேச அந்த வீட்டில் எனக்கு ஆள் இல்லை. ஆள் இல்லாமல் ஆக்கியது நான்தான் என்பதும் தெரியும். அது தெரிவதால் தனிமை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆடிப்பெருக்கன்று மாமியார் புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண்களோடு காவிரிக்கரையில் அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போனார். காவிரிக்கு மசக்கையாம்; அவளுக்கு வாய்க்கு ருசியாக விதவிதமான சாதம் படைக்க வேண்டும். கூட்டத்தில் இடித்துவிடுவார்கள் என்று என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். தெருவே ஆற்றுக்குப் போய்விட்டது. நிஜமாகவே மசக்கைக்காரியான நான் இரண்டாவது மாடியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, எனக்கு எடுத்து வைத்திருந்த புளியோதரையைச் சாப்பிட்டு, டப்பாவைத் திறந்து மூன்று மாத்திரைகளையும் போட்டுக்கொண்டேன். பார்க்க யாரும் இல்லை. அன்றைக்காவது காலையிலேயே வெறும் வயிற்றில் போட்டிருக்கலாம். தோன்றவே இல்லை. பழகிவிட்டது.

மாத்திரை தீரும் நேரம் அது. ஸ்ரீரங்கத்தில் மருந்துக்கடைக்காரர்கள் எல்லாருக்கும் மாமியாரைத் தெரியும் என்பதால் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில்தான் வாங்குவேன். அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் போவேன். கடைக்காரர் ஒரு பாய். வெள்ளைத் தொப்பி, வெள்ளை தாடி, மூக்கு நுனியில் கண்ணாடி. சீட்டைப் பார்க்காமல் மருந்தை எடுக்கவே மாட்டார். அந்த முறை சீட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஐந்தாறு மாதத்தில் அளவு இருபத்தைந்திலிருந்து நூறுக்கு வந்துவிட்டதே, எதோடு போடுகிறீர்கள் என்று கேட்டார்.

டாக்டரிடம் வராத உண்மை அவரிடம் வந்துவிட்டது. அவர் எனக்கு யாரும் இல்லை, அதனால்தான் வந்தது. மதியம் சாப்பிட்டதும் இரும்பு, கால்சியம், இது, மூன்றையும் ஒன்றாகப் போடுகிறேன் என்றேன்.

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "ஐயோ, அப்படிப் போடவே கூடாதும்மா. அந்த ரெண்டும் இதைப் பிடிச்சு வச்சுக்கும், ரத்தத்துல சேர விடாது. போடறதும் ஒண்ணுதான், போடாததும் ஒண்ணுதான். நாலு மணி நேரமாவது தள்ளிப் போடணும்."

"இத்தனை நாள் போட்டது?"

அவர் புட்டியைக் காகிதத்தில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டார். இனிமேல் சரியாகப் போடுங்கள், பிள்ளை நல்லாயிருக்கும், இன்ஷா அல்லாஹ் என்றார். அதைச் சொன்ன விதத்தில் அவருக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது தெரிந்தது. எனக்கு அழுகைக்குப் பதில் கோபம்தான் வந்தது. அம்மா மேல், மஸ்கட் மேல், அந்த எவர்சில்வர் டப்பா மேல், எல்லாவற்றுக்கும் மேலாக, சாமர்த்தியக்காரியான என் மேல். பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதல் மூன்று மாதம் பாலோடு போயிற்று. அடுத்த மூன்று மாதம் இரும்போடு போயிற்று. அப்படியானால் என் குழந்தைக்கு என்னிடமிருந்து என்னதான் போயிருக்கும்? உள்ளே அது உதைத்தது. மூளை வளர்றதுக்கு அது முக்கியம் என்று டாக்டர் சொன்னது காதிலேயே நின்றது. காவிரிப் பாலத்தில் எல்லாரும் எட்டி எட்டித் தண்ணீரைப் பார்த்தார்கள். ஆறு நிரம்பிப் போகிறது என்று பேசிக்கொண்டார்கள். நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை குளியலறையிலிருந்து வந்து, டம்ளரோடு நின்ற மாமியாரிடம், பாலை எட்டு மணிக்குக் கொடுங்கள் அத்தை, வெறும் வயிற்றில் குடித்தால் குமட்டுகிறது என்றேன். ஆறு மாதமாக நான் பயந்திருந்த கேள்வி வரும் என்று காத்திருந்தேன். "சரிம்மா, அப்ப எட்டு மணிக்குச் சூடு பண்ணித் தரேன்" என்றார். டம்ளரை மூடி வைத்துவிட்டு வாசல் தெளிக்கப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். இவ்வளவுதானா? இந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆகியிருக்கிறது. அந்த மந்த புத்தியும் தைராய்டுக் குறைவின் வேலைதான் என்று பிற்பாடு எங்கோ படித்தேன். அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

அடுத்த பரிசோதனையில் எண் சடசடவென்று இறங்கியது. அதற்கடுத்ததில் தேவைக்கும் கீழே போய்விட, டாக்டர் குழம்பி அளவைக் குறைத்தார். ஏன் என்று அப்போதும் நான் சொல்லவில்லை. சொன்னால் நடந்ததற்கு டாக்டர் ஒரு பெயர் வைப்பார், வைத்தால் அது உண்மையாகிவிடும் என்று பயம். ஆவணியில் வளைகாப்பு நடந்தது. இரண்டு கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு உறையூருக்கு வந்தேன். அம்மா வீட்டில் மாத்திரையை ஒளிக்க வேண்டியதில்லை. ஒளித்த கதையை ஒளிக்க வேண்டியிருந்தது.

ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. எனக்குத் தைராய்டு இருப்பதால் குழந்தையின் குதிகாலில் குத்தி இரண்டு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு வந்தது. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போய்விட்டாள். அவள் போன பிறகு குழந்தை டாக்டரிடம் நான் கேட்டேன். வயிற்றில் இருந்தபோது எனக்குக் குறைவாக இருந்ததே, அதனால் ஏதாவது ஆகியிருந்தால் இதில் தெரியுமா?

அவர் இளைஞர், பொய் சொல்லத் தெரியாதவர். இது குழந்தையின் தைராய்டு வேலை செய்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் என்றார். "நீங்க கேக்கிறதைச் சொல்ற டெஸ்ட் எதுவும் இல்லம்மா. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. வளர வளரப் பாத்துக்கலாம்."

வளர வளர நான் பார்த்தேன். அதைத் தவிர வேறு வேலையே எனக்கு இல்லை. தலை எந்த மாதம் நிற்க வேண்டும், எப்போது குப்புற விழ வேண்டும், எப்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பொரியை எடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் போனில் எழுதி வைத்திருந்தேன். கிலுகிலுப்பையை இடப்பக்கம் ஆட்டினேன், வலப்பக்கம் ஆட்டினேன். பொம்மையைத் துணிக்கு அடியில் ஒளித்து, அவள் தேடுகிறாளா என்று பார்த்தேன். பார்க்கிறவர்கள், இவளுக்குப் பிள்ளையோடு விளையாடி அலுக்கவே அலுக்காதா என்றார்கள். அவர்கள் நான் கொஞ்சுவதாக நினைத்தார்கள். நான் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தேன். அவள் தவழாமல் நேராக எழுந்து நின்றாள். தெருவே அதிசயப்பட்டுச் சிரித்தபோது நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தவழாத குழந்தைகளைப் பற்றிப் படித்தேன்.

இதற்கிடையில் மாமியாருக்கும் தைராய்டு விஷயம் தெரிந்துவிட்டது. குழந்தையோடு ஐந்தாம் மாதம் ஸ்ரீரங்கம் திரும்பினேன். எதற்கு இனிமேலும் என்று புட்டியை ஃபிரிட்ஜ் மேல் வெளிப்படையாக வைத்தேன். எடுத்துப் பார்த்தார். தைராய்டா, என் தங்கைக்கும் இருபது வருடமாக இருக்கிறது என்றார், ஏதோ கண்ணாடி போட்டிருக்கிறாள் என்பது போல. எப்போதிலிருந்து என்று கேட்டார். உண்டானபோது தெரிந்தது என்றேன். அவர் முகம் சின்னதாகிவிட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா" என்றார். நான் அம்மாவைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, என்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் இல்லை. அவர் அரிசி களையப் போய்விட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. ஆனால் அதுவரை எதையும் கேட்காமல் என் அறைக்குள் வந்துகொண்டிருந்தவர், கதவைத் தட்டிவிட்டு வர ஆரம்பித்தார்.

ஒன்றரை வயதில் குழந்தைக்கு நாலே வார்த்தைதான் இருந்தது. எதிர்வீட்டுப் பையன் அவளைவிட ஒரு மாதம் சின்னவன், வாய் ஓயாமல் பேசினான். அவனைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. ஒரு சின்னப் பையன் மேல் அப்படி ஒரு வெறுப்பு வரும் என்று எனக்கே தெரியாது. அவள் அப்பனும் லேட்டாகத்தான் பேசினான் என்று மாமியார் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தை சொல்லும் ஒவ்வொரு புது வார்த்தையையும் நாளோடு போனில் எழுதினேன். காக்கா. தா. பூ. "பூ" என்றது பூவையா இல்லை சும்மா ஊதினாளா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதினேன்.

இரண்டு வயது நிறைந்ததும் தில்லைநகருக்குக் கூட்டிப்போனேன். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை, தடுப்பூசி என்று சொல்லிவிட்டுப் போனேன். அதே இளைஞர்தான், கொஞ்சம் தொப்பை போட்டிருந்தார். இந்த முறை எதையும் விடாமல் சொன்னேன். பால், டப்பா, மூன்று மாத்திரை, எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு தரையில் உட்கார்ந்து அவளோடு முக்கால் மணி நேரம் விளையாடினார். அவள் கட்டைகளை அடுக்கினாள், தள்ளிவிட்டாள், படத்தில் நாயைக் காட்டினாள், அவருடைய பேனாவைப் பிடுங்கிக்கொண்டு "மாமா போ" என்றாள். அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். வயதுக்கு எது எது வேண்டுமோ எல்லாம் இருக்கிறது, கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது என்றார். "இத்தோட அந்தத் தைராய்டு கவலையை விட்டுடுங்கம்மா. குழந்தை நல்லா இருக்கா."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல் இருந்தது. போனை எடுத்துவிட்டு யாருக்கு என்று யோசித்தேன். அம்மாவிடம் சொன்னால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மாமியாரிடமும் அப்படித்தான். கடைசியில் கணவருக்கு நெட் கால் போட்டேன். அவருக்கு அப்போது வேலை நேரம். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நார்மல்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

"எது?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு வருடமாக நான் தூங்காமல் பயந்த பயம் உலகத்தில் இன்னொருவருக்குத் தெரியாது. அதனால் அது தீர்ந்த சந்தோஷத்திலும் பங்குக்கு ஆள் இல்லை. அவரிடம் சொன்னேன். ஆரம்பத்திலிருந்து சொல்லி முடிக்க நாலு நிமிடம்தான் ஆனது. இயந்திரத்தின் சத்தம் தள்ளிப் போனது. பிறகு மெதுவாக, "இப்பதான் சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டாங்கள்ல, விடும்மா" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். வேறு என்ன சொல்ல முடியும், பாவம். சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

அவரிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இந்த இரண்டு வருடத்தில் நான் அவளை ஒருநாள்கூடச் சும்மா கொஞ்சியதில்லை.

சத்திரத்தில் பஸ் மாறினோம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவளை மடியில் வைத்துக்கொண்டேன். தலையில் எண்ணெய் வாசனையும் டாக்டர் கொடுத்த மிட்டாய் வாசனையும் சேர்ந்து அடித்தன. பாலத்தில் பஸ் ஏறியபோது அவள் கண்ணாடியில் கையை வைத்து வெளியே எதையோ காட்டி, திரும்பித் திரும்பி என்னைப் பார்த்து விடாமல் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் எதையும் போனில் எழுதாமல், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு வந்தேன். அன்று அவள் என்ன சொன்னாள் என்று கேட்டால் எனக்கு ஞாபகமில்லை.